சோப்ரானிலிருந்து அரைநாளில் ஃபெர்ட்டோராகோஷ்

கார் இல்லை, ஹங்கேரியின் சோப்ரான் நகரில் அரைநாள்தான் மிச்சம், பக்கத்து ஊரான ஃபெர்ட்டோராகோஷ் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம், பஸ் உண்டு. நேரத்தின் பெரும்பகுதியைப் பழைய கல் குவாரிக்கே கொடுங்கள். ரோமானியர் காலத்திலேயே சுண்ணாம்புக்கல் வெட்டிய இடம் அது. வியன்னாவின் கட்டடங்களுக்கும் இங்கிருந்து கல் போயிருக்கிறது. குடைந்த மலைக்குள் ராட்சதத் தூண்கள், நடுவே ஒரு குகை அரங்கம்.

ஆஸ்திரிய எல்லையை ஒட்டி, 1866இல் கண்டெடுத்த, ரோமானியர் காலத்தில் வழிபட்ட மித்ராஸ் என்ற தெய்வத்தின் கோயில் இருக்கிறது. சிறியதுதான்; திறக்கும் நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள்.

1989 ஆகஸ்ட் 19 அன்று கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்து தப்ப 600க்கும் மேற்பட்ட கிழக்கு ஜெர்மானியர்கள் எல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆஸ்திரியாவுக்குள் ஓடிய இடம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அதையும் பார்க்க ஆசையென்றால் சைக்கிளில் போங்கள். ஊருக்குப் பக்கத்திலுள்ள ஃபெர்ட்டோ ஏரியை நம்பிப் போகாதீர்கள், கரையெல்லாம் நாணல்காடு. எல்லைக்குப் பக்கம் என்பதால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.