சிக்கிள் செல் நோயோடு பயணம்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 9 வயது, சிக்கிள் செல் நோய் இருக்கிறது. முதல்முறையாக விமானத்தில் அழைத்துப் போகிறோம். பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. ஆனாலும் உடல் சீராக இருக்கும் குழந்தைகள் பெரும்பாலும் சிக்கலில்லாமல் பறந்துவிடுகிறார்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போலத்தான் இருக்கும். அங்கே ஆக்ஸிஜன் கொஞ்சம் குறைவு. ஆக்ஸிஜன் குறைந்தால், இந்த நோயில் மாறியிருக்கும் ஹீமோகுளோபின் (சிவப்பணுவுக்குள் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதம்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சிவப்பணுவை அரிவாள் போல வளைத்துவிடும். வளைந்த அணுக்கள் மெல்லிய ரத்தக்குழாய்களை அடைக்கும்போதுதான் வலி வருகிறது. அண்மையில் கடும் வலியோ நுரையீரல் சிக்கலோ வந்திருந்தால், மருத்துவரைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். ஆக்ஸிஜன் தேவை என்று அவர் சொன்னால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். ஏசி குளிருக்கு ஸ்வெட்டர், சாக்ஸ் கட்டாயம். இடையிடையே எழுந்து நடக்க வையுங்கள்.

கேள்வி: வழியில் கழிவறைக்குப் போவது சிரமம் என்பதால் நீண்ட பயணத்தில் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறேன். தவறா?

பதில்: தவறுதான். இந்த நோயில் சிறுநீரகத்தால் நீரைச் சரியாகத் தேக்கி வைக்க முடியாது. நீங்கள் குடிக்காவிட்டாலும் சிறுநீராக வெளியேறிக்கொண்டே இருக்கும். ரத்தம் கெட்டிப்படும், அணுக்கள் வளையும். நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள். மது வேண்டாம், அது உடலை இன்னும் வறட்டும்.

கேள்வி: சிக்கிள் செல் இருந்தால் மலேரியா வராது என்கிறார்களே?

பதில்: இந்த நம்பிக்கை உயிரையே பறிக்கக்கூடியது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் சிக்கிள் செல் மரபணு வந்தவர்களுக்கு, அதாவது நோயில்லாமல் அதைச் சுமப்பவர்களுக்கு, கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு. நோய் உள்ளவர்களுக்கோ மலேரியா மிகவும் ஆபத்தானது. மலேரியா உள்ள பகுதிக்குப் போனால் தடுப்பு மாத்திரை, கொசுவலை, கொசுவிரட்டி மூன்றும் வேண்டும். மாத்திரையைப் பயணத்துக்கு முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் சொன்ன நாள்வரை விடாமல் போட வேண்டும்.

கேள்வி: வெளியூரில் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டு மறுநாள்வரை பார்க்கலாமா?

பதில்: கூடாது. இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்த நோயில், ரத்தத்திலுள்ள கிருமிகளை வடிகட்டும் மண்ணீரல் சின்ன வயதிலேயே செயலிழந்துவிடும். நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடும். காய்ச்சல் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். போனதுமே "சிக்கிள் செல் நோய்" என்று சொல்லுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் எது வந்தாலும் இப்படித்தான். இதற்காகவே கிளம்பும் முன் அங்கே எந்த மருத்துவமனையில் ரத்தநோய் மருத்துவர் இருக்கிறார் என்று தேடி வையுங்கள். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசிகள் பாக்கி இல்லையா என்றும் பாருங்கள்.

கேள்வி: மருந்துகளை எப்படி எடுத்துப் போவது?

பதில்: கைப்பையில், தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாக. மருத்துவர் கடிதமும் வேண்டும். மார்ஃபின் வகை வலி மருந்துகளுக்குச் சில நாடுகளில் முன் அனுமதி கேட்பார்கள்.

கேள்வி: நான் மரபணுவைச் சுமப்பவன் மட்டும்தான். மலையேறலாமா?

பதில்: ஏறலாம். மெதுவாக ஏறுங்கள், தண்ணீர் குடியுங்கள். உயரத்தில் இடது விலாவுக்குக் கீழே கடுமையாக வலித்தால் அது மண்ணீரலாக இருக்கலாம். உடனே இறங்கி மருத்துவரைப் பாருங்கள்.