வடிகாலை மறந்த டெல்டா: வாசகர் கேள்வி-பதில்

மேட்டூர் திறக்கும் தேதியை வைத்துத்தான் இதுவரை விதைத்தோம். இப்போது எந்தத் தேதியும் நிலையில்லை. சம்பாவுக்கு எந்தக் கணக்கில் விதை விடுவது?
— வாசகர், மன்னார்குடி

ஜூன் 12 என்பது ஏட்டில் உள்ள தேதி. அணை திறந்தது 2016-ல் செப்டம்பர் 20, 2017-ல் அக்டோபர் 2, 2018-ல் ஜூலை 19, 2019-ல் ஆகஸ்ட் 13. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. ஆகவே அணையிலிருந்து முன்னோக்கி எண்ணாதீர்கள். மழையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பிடிக்கும். அன்றைக்குப் பயிருக்கு 40 நாள் வயதாவது ஆகி, தூர் கட்டியிருக்க வேண்டும். பூக்கும் நாள்கள் நவம்பர் அடைமழையில் மாட்டக் கூடாது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் ரகம் தானாக முடிவாகும். ஆகஸ்ட் நடுவில் விதைக்க முடிந்தால் சி.ஆர். 1009 போன்ற 155 நாள் ரகம். பூப்பு டிசம்பர் 20-ஐ ஒட்டி வரும். செப்டம்பர் 10-க்குள் என்றால் 135 நாள் ரகம். அதற்கும் பிந்தினால் 115, 120 நாள் ரகத்தை மேட்டு நாற்றங்காலில் விட்டு நடவு செய்யுங்கள். நேரடி விதைப்பு வேண்டாம். முளைக்கும் விதையின் மேல் தண்ணீர் நின்றால் விதை அழுகிவிடும்.

இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் பெய்த மழை, அறுவடைக்கு நின்ற கதிரைச் சாய்த்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். நனைந்த நெல்லை வைத்துக்கொண்டு யாரிடம் போவது? எல்லா நிலத்திலும் ஒரே ரகம் போடாமல், வயதில் 20 நாளாவது வித்தியாசம் உள்ள இரண்டு ரகங்களாகப் பிரித்துப் போடுவதுதான் எங்கள் யோசனை.

எங்கள் ஊரில் கோடையிலேயே தூர்வாரினார்கள். ஆனாலும் நவம்பரில் மூன்று நாள் மழைக்கே பயிர் மூழ்கிவிட்டது. எங்கே தவறு?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

முதலில் எதைத் தூர்வாரினார்கள் என்று பாருங்கள். தண்ணீர் கொண்டுவரும் பாசன வாய்க்கால் வேறு, தண்ணீரை வெளியேற்றும் வடிகால் வேறு. பெரும்பாலான ஊர்களில் கவனமெல்லாம் வாய்க்கால் மீதுதான். மேட்டூர்த் தண்ணீர் வரவில்லை என்றால் ஊரே சாலைக்கு வரும்; வடிகால் அடைத்திருப்பது மழை வரும்வரை யார் கண்ணிலும் படாது. டெல்டாவில் பயிர் சாவது தண்ணீர் வராததால் மட்டுமல்ல, வந்தது போகாததாலும்தான். மழை ஒரே மூச்சில் கொட்டும் இந்தக் காலத்தில் இரண்டாவது காரணத்தின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 செ.மீ. மழை பெய்தால் ஒரு ஏக்கரில் சுமார் 4 லட்சம் லிட்டர் நிற்கும். உங்கள் வடிகாலில் 100 ஏக்கர் விழுகிறது என்றால் 4 கோடி லிட்டர். இதை மூன்று நாளில் வடிக்க நொடிக்கு 156 லிட்டர், அதாவது ஐந்தரை கன அடி ஓட வேண்டும். இனி, வயலுக்கு வண்டி போக வடிகாலின் குறுக்கே போட்ட சிமெண்ட் குழாயைப் பாருங்கள். 2 அடி விட்டமுள்ள குழாய், டெல்டாவின் மெதுவான ஓட்டத்தில் நிறைந்து ஓடினாலும் ஏறக்குறைய 6 கன அடிதான் கடத்தும். 10 செ.மீ. மழைக்கே அது மட்டுமட்டு. 20 செ.மீ. பெய்தால் அதே அளவில் இரண்டு குழாய் வேண்டும். பாதி மண் அடைத்த குழாய் பாதிக்கும் கீழாகத்தான் கடத்தும். மூன்று கிலோமீட்டர் வடிகாலை அழகாக வெட்டிவிட்டு இந்த ஒரு குழாயை விட்டுவைத்தால் வெட்டியதற்குப் பலன் இல்லை.

தூர்வாரும் வரிசையும் முக்கியம். வடிகால் ஆற்றில் சேரும் முனையில் தொடங்கி மேல்நோக்கி வெட்டி வர வேண்டும். நடுவில் மட்டும் ஆழப்படுத்தினால் அது குட்டையாக நிற்கும், ஓடாது. லெவல் பார்க்காமல் பொக்லைனை இறக்கும் இடத்தில் எல்லாம் இதுதான் நடக்கிறது. எடுத்த மண்ணைக் கரையின் விளிம்பிலேயே கொட்டினால் முதல் மழையில் திரும்பி உள்ளே வரும். கரை விளிம்பிலிருந்து ஆறடியாவது தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

கோடையில் வாரியதோடு வேலை முடிவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வெங்காயத்தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும் மண்டிவிடும். செப்டம்பர் கடைசியில் ஊரே சேர்ந்து ஒருமுறை வடிகால் நெடுக நடந்து, குழாய் வாய்களையும் பாலத்தின் அடிப்பகுதியையும் சுத்தம் செய்யுங்கள். வெங்காயத்தாமரையை வெட்டித் தண்ணீரிலேயே தள்ளிவிடாதீர்கள், அது அடுத்த ஊர் ஷட்டரில் போய் அடைக்கும்.

வடியவே வழியில்லாத பள்ள வயலுக்கு எஞ்சின்தான். நொடிக்கு 15 லிட்டர் இறைக்கும் எஞ்சின், ஒரு ஏக்கரில் நிற்கும் 10 செ.மீ. தண்ணீரை ஏழரை மணி நேரத்தில் இறைக்கும். சுற்று வரப்பு உயரமாக இல்லாவிட்டால் பக்கத்து வயல் தண்ணீரையும் சேர்த்து இறைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கடைமடையில் இருக்கிறோம். ஷட்டரை மூடினால் மழைத்தண்ணீர் நிற்கிறது. திறந்தால் உப்புத் தண்ணீர் ஏறுகிறது. என்ன செய்வது?
— வாசகர், தலைஞாயிறு

உங்கள் பகுதியில் வயல்கள் கடல் மட்டத்தைவிட அதிக உயரமில்லை. ஆறு வடிய கடல் இறங்க வேண்டும். கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இறங்கும் நேரத்தில் திறந்து, ஏறும் நேரத்தில் மூட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் அதிகம் என்பதால் அப்போது கூடுதல் கவனம் தேவை. புயல் காற்று கரையை நோக்கி அடிக்கும்போது கடல் இறங்கவே இறங்காமல் இரண்டொரு நாள் நிற்கும். ஆகவே எச்சரிக்கை வந்த உடனே, மழைக்கு முன்பே, இறக்க நேரங்களில் ஆற்றை முடிந்தவரை வடித்துவிட வேண்டும்.

இதற்கு ஷட்டர் நினைத்த நேரத்தில் ஏறி இறங்க வேண்டும். திருகுத் தண்டில் கிரீஸ் இல்லாமல் துருப்பிடிப்பது, அடி ரப்பர் கிழிவது, கதவடியில் கட்டை சிக்குவது: பழுதுகள் பெரும்பாலும் இவைதான். கிரீஸ் செலவு சொற்பம். செப்டம்பரிலேயே ஒவ்வொரு கதவையும் முழுக்க ஏற்றி இறக்கிக் காட்டும்படி நீர்வளத் துறைப் பணியாளரிடம் கேளுங்கள். முகத்துவாரத்தில் மணல் மேடு இருந்தால் அதையும் அக்டோபருக்கு முன் வெட்ட வேண்டும். கதவு திறந்திருந்தும் தண்ணீர் போகாததற்கு இதுவே காரணம்.

வெண்ணாற்றுப் பகுதியில் அரிச்சந்திரா, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றுக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் 2016-ல் வந்த திட்டம் பருவநிலை மாற்றத்தை மனதில் வைத்தே போடப்பட்டது. கரையை உயர்த்தியதும் ஷட்டர் உள்ள ஒழுங்கிகளைப் புதுப்பித்ததும் நல்ல வேலைதான். கதவை இயக்க ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் இருந்தால்தான் அதற்குப் பலன்.

உப்பு ஏறிய வயலுக்கு உடனே ஜிப்சம் கொட்டாதீர்கள். ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு. வெறும் உப்புக்கு நல்ல தண்ணீரைக் கட்டி வடிப்பதே மருந்து. மண் பரிசோதனையில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் (EC) 3 dS/m-ஐத் தாண்டினால் நெல் மகசூல் குறையத் தொடங்கும். கோடையில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள்.

தண்ணீரில் மூழ்கினாலும் சாகாத நெல் என்று சப்-1 ரகத்தைச் சொல்கிறார்களே, நம்பலாமா?
— வாசகர், பாபநாசம்

நம்பலாம், அதன் வேலைக்கு. சி.ஆர். 1009 சப்-1 முழுதாக மூழ்கினால் வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமித்துக்கொண்டு, இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் முளைக்கும் பருவத்திலோ பூக்கும் பருவத்திலோ அது காப்பாற்றாது. பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஒரு மாதம் தேங்கி நிற்கும் வயலுக்கும் அது ஏற்றதல்ல.

எந்த ரகமானாலும், தண்ணீர் வடிந்து புதுக் குருத்து தெரிந்த பிறகே உரம். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஒரு ராத்திரி வைத்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். இலை மஞ்சளாக இருந்தால் 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம். தேங்கிய தண்ணீரில் யூரியாவை வீசினால் அது வடிகாலுக்குத்தான் உரம்.

முறைப்பாசனம் வைத்தால் எங்களுக்கு வாரத்துக்கு ஒரு தண்ணீர்தான். பயிர் தாங்குமா?
— வாசகர், பட்டுக்கோட்டை

மண் களியாக இருந்தால் தாங்கும். காய்ச்சலும் பாய்ச்சலும் போதும். ஒரு அடி நீள, அரை அடி விட்ட பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணில் இறக்கி, உள்ளே உள்ள சேற்றை அள்ளிவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. கட்டுங்கள். நொடிக்கு ஒரு கன அடி தண்ணீர் ஒரு நாள் முழுக்க ஓடினால் 12 ஏக்கருக்கு இந்த 5 செ.மீ. கிடைக்கும், முறை பேசும்போது இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பூப்புக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் மட்டும் காயவிடக் கூடாது. உப்பு வயலில் இந்த முறையே வேண்டாம். காயும்போது உப்பு மேலே வந்துவிடும்.