முப்பது கேள்வியும் ஒரு தோள்வலியும்

கேள்வி: பிசியோதெரபி முதுகலை படிக்கிறேன். தோள், கை நோயாளிகளுக்கு அன்றாட வேலைகளில் எவ்வளவு சிரமம் என்று முப்பது கேள்விகளால் அளக்கும் 'டேஷ்' (DASH) வினாத்தாளைத் தமிழாக்கி ஆய்வு செய்ய ஆசை. எனக்கு ஆங்கிலமும் நன்றாக வரும். நானே மொழிபெயர்த்து, ஐம்பது பேரிடம் நிரப்பி வாங்கினால் போதாதா?
- மாணவி, சேலம்

பதில்: போதாதும்மா. முதலில் அந்தத் தாளுக்குச் சொந்தக்காரர் உண்டு. 1996-ல் வெளிவந்தது; உரிமை டொராண்டோவில் உள்ள தொழில், உடல்நல ஆய்வு நிறுவனத்திடம் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தமிழில் வேறு யாராவது முந்திக்கொண்டார்களா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அனுமதி கிடைத்தால், இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். ஒருவர் உங்களைப் போல விஷயம் தெரிந்தவர். மற்றவர் மருத்துவ வாடையே இல்லாதவர். நானாக இருந்தால் ஒரு பள்ளி ஆசிரியரைப் பிடிப்பேன். இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத இருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரு குழு உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். அப்புறம் 30, 40 நோயாளிகளிடம் சோதனை.

அங்கேதான் நிஜமான வேலை. தாளை வாங்கிக்கொண்டு நகராதீர்கள். ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேளுங்கள். தலைக்கு மேல் இருக்கும் பல்பை மாற்ற முடிகிறதா என்றால், "அதெல்லாம் பேரன் பாத்துக்குவான்" என்பார் பாட்டி. கட்டம் காலி. தோட்டவேலைக்குத் தோட்டமே இல்லை. 21-வது கேள்வி தாம்பத்தியம் பற்றியது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க யார் டிக் அடிப்பார்கள்? ஆக மூன்று காலி. இதற்கு மேல் இன்னொன்று விட்டாலும் மதிப்பெண் போட முடியாது, அந்த நோயாளி கணக்கிலேயே இல்லை. எனவே தாளைத் தனியாக நிரப்ப ஓர் இடம் கொடுங்கள். கைக்கு வேகமும் அதிர்ச்சியும் தரும் பொழுதுபோக்குகள் பற்றிய கேள்வியில் உதாரணமாக வரும் கோல்ஃபுக்குப் பதில் வேறு உதாரணம் போடுவதாக இருந்தால், அதுவும் கைக்கு அதே வேகமும் அதிர்ச்சியும் தருவதாக இருக்க வேண்டும். கேரம் போர்டு ஆகாது!

இவ்வளவும் மொழிபெயர்ப்பு மட்டும்தான். தாள் நம்பகமானதா என்பது தனிச் சோதனை: நிலைமை மாறாதவர்களிடம் சில நாள் கழித்து மறுபடி நிரப்பி வாங்குங்கள், மதிப்பெண் ஒத்துவருகிறதா பாருங்கள். வலி அளவுகோல், கை தூக்கும் கோணம் இவற்றோடும் ஒப்பிடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாசியுங்கள், இடையில் விளக்கம் கூடாது. ஆய்வேட்டில் அதையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வலது தோள் இறுகிவிட்டது. கனமான கதவை இடது கையால்தான் தள்ளுகிறார். அதே 'டேஷ்' தாளில் 'சிரமமில்லை' என்று போடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: சிரமமில்லாமல் தள்ளுகிறார் என்றால் தாராளமாகப் போடலாம். எந்தக் கை என்று அந்தத் தாள் பார்ப்பதில்லை, வேலை நடக்கிறதா என்றுதான் பார்க்கிறது. கடந்த ஒரு வாரத்தில் செய்யாத வேலையாக இருந்தால், செய்திருந்தால் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று அம்மாவையே யோசித்துச் சொல்லச் சொல்லுங்கள். நீங்களாக நிரப்பிவிடாதீர்கள்.