வாட்ஸ்அப் இருக்கும்போது மின்னஞ்சலுக்கு இனி என்ன வேலை?

"எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே முடிந்துவிடுகிறதே, மின்னஞ்சல் இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசராக (வாங்குபவருக்கும் தொழிற்சாலைக்கும் இடையே ஆர்டரைக் கவனிப்பவராக) இருக்கும் எனக்குத் தெரிந்தவரை, பேச்சு மின்னஞ்சலை விட்டு ஏற்கெனவே போய்விட்டது. ஆவணம் போகவில்லை, அண்மையில் போகும் என்றும் தோன்றவில்லை.

சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியைப் படமெடுத்து அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் "சரிங்க" என்று பதில் வந்துவிடும் (கைப்பேசித் திரையில் நிறத்தை நம்புவது தனி வம்பு). ஆனால் ஆடையின் அளவுகளைக் குறிக்கும் மெஷர்மென்ட் சார்ட்டில் மார்பளவு ஒரு சென்டிமீட்டர் கூடியது எந்தத் தேதியில், யார் சொல்லி என்ற கேள்வி, சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறிய பிறகு எழுந்தால், இரு தரப்பும் தேடுவது மின்னஞ்சலைத்தான். வாட்ஸ்அப் உரையாடலோ, வேலையை விட்டுப் போனவரின் கைப்பேசியோடு போயிருக்கும்.

மின்னஞ்சல் நிலைப்பதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. மின்னஞ்சலை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவதற்கென 1982-இல் வகுக்கப்பட்ட எஸ்எம்டிபி (SMTP) நெறிமுறை எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமன்று. ஆகவே நம் சர்வரிலிருந்து ஜெர்மனியில் இருக்கும் பையரின் (வாங்குபவரின்) சர்வருக்கு, இருவரும் வெவ்வேறு சேவைகளைப் பயன்படுத்தினாலும், கடிதம் போய்ச் சேர்கிறது. ஸ்லாக், டீம்ஸ் போன்ற அலுவலக உரையாடல் செயலிகளில் பெரும்பாலும் இருவரும் ஒரே செயலிக்குள் இருந்தாக வேண்டும்.

மின்னஞ்சலின் பெரிய பலவீனம் போலி முகவரிதான். வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக வரும் கடிதத்தை மட்டும், பழைய எண்ணில் தொலைபேசியில் அழைத்துக் கேட்காமல் நாங்கள் ஏற்பதில்லை.