மாலைப் பசி வேறு, இரவுக் கொறிப்பு வேறு

கேள்வி: எனக்கு 41 வயது. உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. அலுவலகத்தில் உட்கார்ந்த வேலை. எடை குறைக்க வேண்டும் என்று காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சாதம், இரவு இரண்டு சப்பாத்தி என்று கட்டுப்பாடாக இருக்கிறேன். ஆனால் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் டீயோடு மிக்சர், முறுக்கு என்று கை போய்விடுகிறது. இரவு டி.வி. பார்க்கும்போது மறுபடியும் பிஸ்கட், சிப்ஸ். 77 கிலோவிலிருந்து மூன்று கிலோ குறைந்து அப்படியே நின்றுவிட்டது. சுகர், தைராய்டு கிடையாது. நொறுக்குத்தீனியை அடியோடு விட வழி சொல்லுங்கள். - வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 29.6. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று கணக்கு. ஆகவே எடையைக் குறைக்க நினைப்பது சரிதான். மூன்று கிலோ குறைத்ததும் நல்ல தொடக்கம். ஆனால் 'அடியோடு விடுவது' என்ற இலக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மாலை ஆறு மணிக்கு வருவது உண்மையான பசி. இரவு டி.வி. முன்னால் நடப்பது பழக்கம். பசிக்குச் சாப்பாடு போட வேண்டும், பழக்கத்தின் இடத்தையும் நேரத்தையும் கலைக்க வேண்டும். இரண்டையும் மன உறுதியால் அடக்கப் பார்ப்பதால்தான் இரண்டிலும் தோற்கிறீர்கள்.

உங்கள் ஒரு நாள் கணக்கைப் பாருங்கள். இரண்டு இட்லி சட்னியோடு, ஒரு கப் சாதம் குழம்பு பொரியலோடு, இரண்டு சப்பாத்தி குருமாவோடு, சர்க்கரை போட்ட டீ மூன்று: எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,100 கலோரி. இதில் புரதம் 30 கிராம் தேறினாலே அதிகம். உங்கள் உயரத்துக்கு எடை குறைக்கும் காலத்தில் 60 கிராமாவது வேண்டும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்ட ஒரு கப் சாதம் நாலரை மணிக்கெல்லாம் கரைந்துவிடும். அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் பசியோடு வேலை, பயணம். அந்த நிலையில் வீட்டுக்குள் நுழைந்து மிக்சர் டப்பாவைத் திறந்தால் அளவு தெரியாது. மிக்சர் ஒரு கைப்பிடி 30 கிராம் வரும். அதுவே 160 கலோரி. இரண்டு கைப்பிடி மிக்சர், இரண்டு முறுக்கு, இரவில் நாலைந்து பிஸ்கட், கொஞ்சம் சிப்ஸ் என்றால் 700 கலோரி வந்துவிடும். மூன்று வேளையும் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்தது எல்லாம் இங்கே போய்விடுகிறது.

எனவே முதல் திருத்தம் காலையிலும் மதியத்திலும். சாப்பாட்டைக் கூட்டச் சொல்கிறேனே என்று பயப்பட வேண்டாம். காலை இரண்டு இட்லியோடு கெட்டியான சாம்பார் ஒரு கப், வேகவைத்த முட்டை ஒன்று. முட்டை சாப்பிடாதவர் வாரத்தில் மூன்று நாள் இட்லிக்குப் பதில் அடையோ பச்சைப்பயறு தோசையோ இரண்டு சாப்பிடலாம். மதியச் சாதம் அதே ஒரு கப் இருக்கட்டும். அதோடு பருப்புக் கூட்டு ஒரு கப், காய் ஒரு கப், தயிர் அரை கப். மீன் சாப்பிடுபவர் என்றால் குழம்பு மீன் இரண்டு துண்டு, வறுவல் வேண்டாம். கூடுதலாகச் சேர்வது 250 முதல் 300 கலோரிதான். மாலை 700 பாதியாகக் குறைந்தாலே அது ஈடாகிவிடும்.

அடுத்தது மாலைத் தீனி. அதை ஆறு மணியிலிருந்து நாலே முக்காலுக்கு முன்னால் தள்ளி, அலுவலகத்திலேயே முடித்துவிடுங்கள். இந்தப் பதிலிலேயே முக்கியமான மாற்றம் இதுதான். வறுத்த கொண்டைக்கடலை 30 கிராம், நடுத்தர அளவில் ஒரு கொய்யா: 170 கலோரிக்குள் அடங்கும், ஆறேழு கிராம் புரதமும் நல்ல நார்ச்சத்தும் கிடைக்கும். கடலையை வீட்டிலேயே எடை போட்டு ஐந்து நாளுக்கு ஐந்து சின்ன டப்பாவில் பிரித்து வையுங்கள். பாக்கெட்டோடு எடுத்துப் போனால் பாக்கெட்டோடு முடியும். நிலக்கடலை என்றால் 25 கிராமுக்கு மேல் வேண்டாம், அதுவே 145 கலோரி. சுண்டல் இன்னும் நல்லதுதான், ஆனால் காலையில் கட்டிக்கொண்டு போன சுண்டலும் அவித்த முட்டையும் நம் ஊர் வெயிலில் மாலை வரை தாங்காது, தேங்காய் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் சுண்டலை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராம், தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும். வாயு பிடிக்கும் என்பவர்கள் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்கலாம்; முதல் இரண்டு வாரம் பச்சைப்பயறில் தொடங்கலாம்.

டீயையும் மிக்சர், முறுக்கிலிருந்து பிரித்துவிடுங்கள். டீ குடித்தால் கூடவே ஏதாவது மெல்ல வேண்டும் என்று உடம்பு பழகியிருக்கிறது. நாலே முக்கால் டீ கடலையோடு. வீட்டுக்கு வந்ததும் டீக்குப் பதில் ஒரு டம்ளர் நீர்மோர். சர்க்கரையை இரண்டு ஸ்பூனிலிருந்து ஒன்றாக, பிறகு அரையாகக் குறைத்தால் மூன்று டீயில் 60 முதல் 90 கலோரி தானாகக் குறையும்.

இரவுக் கொறிப்பு முற்றிலும் வேறு. 2011-ல் அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திரையரங்கில் சிலருக்குப் புது பாப்கார்னும் சிலருக்கு ஒரு வாரம் ஆகி நமத்துப்போன பாப்கார்னும் கொடுத்தார்கள். படம் பார்க்கும்போது பாப்கார்ன் தின்னும் வழக்கம் உள்ளவர்கள், நன்றாக இல்லை என்று தெரிந்தும், நமத்ததையும் புதியதைப் போலவே தின்றார்கள். வழக்கமில்லாத கையால் தின்னச் சொன்னபோது நமத்ததைத் தின்பது குறைந்தது. இருட்டு, திரை, நாற்காலி, கை போகும் தடம் இவைதான் அங்கே தின்ன வைத்தன. உங்கள் சோபாவும் டி.வி.யும் அதே வேலையைச் செய்கின்றன. சந்தேகம் இருந்தால் அந்த நேரத்தில் உங்களையே கேட்டுப் பாருங்கள்: இப்போது வெறும் இட்லி ஒன்று கொடுத்தால் சாப்பிடுவேனா? சாப்பிடுவேன் என்றால் பசி. அன்று இரவுச் சாப்பாட்டில் பருப்போ பனீரோ முட்டையோ குறைந்திருக்கிறது. இட்லி வேண்டாம், சிப்ஸ்தான் வேண்டும் என்றால் பழக்கம்.

பழக்கத்தைக் கலைக்க, எட்டு மணிக்குச் சாப்பிட்டு எட்டரைக்குப் பல் துலக்கி, சமையலறை விளக்கை அணைத்துவிடுங்கள். டி.வி. பார்க்க வழக்கமான இடத்தில் உட்காராமல் வேறு நாற்காலிக்கு மாறுங்கள். இரண்டு கைக்கும் வேலை கொடுங்கள்: மறுநாளைக்குக் கீரை ஆயலாம், துணி மடிக்கலாம், பூக் கட்டலாம். ஆசை எழுந்தால் 'இன்னும் 15 நிமிடம் கழித்து' என்று தள்ளிப்போடுங்கள். பெரும்பாலும் அதற்குள் தணிந்துவிடும். பத்தரைக்குப் படுத்துவிடுவதும் சிகிச்சைதான். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடும், மறுநாள் இனிப்பும் பொரித்ததும் இன்னும் அதிகமாக இழுக்கும்.

வீட்டில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் தீனி வேண்டும், எனக்காக நிறுத்த முடியாது என்பீர்கள். நிறுத்த வேண்டாம். ஒரு கிலோ வாங்குவதைக் கால் கிலோவாக்குங்கள். கண்ணாடி பாட்டிலிலிருந்து மூடியிட்ட எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, மேல் அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். பரிமாறும் பொறுப்பு வேறொருவரிடம் இருக்கட்டும். உங்களுக்கு முறுக்கு வேண்டுமென்றால் வாரம் இரண்டு நாள், ஒன்று, தட்டில் வைத்து, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு. ஒரேயடியாகத் தடை போட்டவர்கள் தீபாவளிப் பலகாரம் வந்ததும் மொத்தமாகச் சரிந்துவிடுகிறார்கள்.

கடைகளில் விற்கும் தினை முறுக்கு, ராகி பிஸ்கட், கம்பு லட்டு ஆகியவற்றை நம்பி மாற வேண்டாம். தினையாக இருந்தாலும் எண்ணெயில் பொரித்தது எண்ணெயில் பொரித்ததே. வெல்லத்திலும் கலோரி சர்க்கரைக்குக் கிட்டத்தட்டச் சமம்.

இதெல்லாம் எத்தனை நாளில் படியும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு வர, நடுவாகப் பார்த்தால் 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 250 நாளுக்கும் மேல். நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே ஒரு நாள் மிக்சர் சாப்பிட்டுவிட்டால் மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள். பட்டினி மறுபடியும் ஆறு மணிப் பசியில் கொண்டுபோய் விடும். எடையை வாரம் ஒருமுறை, காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு மட்டும் பாருங்கள். உப்புத் தீனி தின்ற மறுநாள் ஏறும் முக்கால் கிலோ, ஒரு கிலோ பெரும்பாலும் நீர்தான். இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை குறித்து வாருங்கள். பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் வர வேண்டும்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்த யோசனைகள் மட்டும் போதாது, நேரில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தூக்கத்திலிருந்து எழுந்து சாப்பிடுவது. வாரம் ஒருமுறையாவது நிறுத்த முடியாமல் பெருமளவு தின்று, பிறகு குற்ற உணர்வில் தவிப்பது, யாருக்கும் தெரியாமல் சாப்பிடுவது. ஸ்டீராய்டு அல்லது ஓலன்சபைன், மிர்டாசபைன் போன்ற மனநல மருந்துகளைத் தொடங்கிய பிறகு பசி கூடியது. பச்சரிசி, சாக்பீஸ், விபூதி தின்னும் ஆசை இருந்தால் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடலில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவில் அப்படி வருவதுண்டு. இதைப் படிக்கும் சர்க்கரை நோயாளிகள் இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், மாலைத் தீனியைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. பசியோடு வியர்வையும் நடுக்கமும் வந்தால் அது தாழ் சர்க்கரையாக இருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அதே அளவு. பிறகு மருந்தின் அளவை மாற்றுவது பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.