கடலடி மண்ணை வைத்துப் பழைய காலநிலையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சில சமயம் நிறமே சொல்லிவிடும். தென் அட்லாண்டிக்கின் வால்விஸ் மேட்டில் 2003இல் துளையிட்டு எடுத்த மண் உருளைகளில், வெளிர்நிறச் சுண்ணாம்புச் சேறு சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இடத்தில் சட்டென்று செங்களிமண்ணாக மாறுகிறது. அந்தச் சேற்றில் பெரும்பகுதி கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள்தான். காற்றில் கலந்த ஏராளமான கார்பனைக் கடல் உறிஞ்ச, நீரில் அமிலத்தன்மை கூடி ஆழத்தில் ஓடுகள் கரைந்துபோயின. களிமண் மட்டும் மிஞ்சியது. மேலே போகப்போக வெளிர்நிறம் திரும்புகிறது, ஆனால் அதற்கு ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

சரி, வெப்பம்? கரையாமல் தப்பிய ஓடுகளில் ஆக்சிஜனின் இரண்டு வகை அணுக்களான கனமான ஆக்சிஜன்-18க்கும் லேசான ஆக்சிஜன்-16க்கும் உள்ள விகிதத்தை அளக்கிறார்கள். நீர் சூடானால் ஓட்டில் கனமான 18 குறையும். (பனிப்படலம் பெருகினாலும் விகிதம் மாறும், நல்லவேளை, அந்தக் காலத்தில் துருவங்களில் பெரிய பனிப்படலம் இல்லை.)