மழைக்காட்டுப் பயணத்துக்குக் கைத்துப்பாக்கி: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிக் காப்பது?

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: “தென்கிழக்கு அலாஸ்காவின் டாங்கஸ் வனப்பகுதியில் ஒரு வாரம் கழிக்கப் போகிறேன். பாதி நடை, பாதி கயாக். பழுப்புக் கரடிகள் நிறைந்த இடம் என்பதால் கைத்துப்பாக்கி எடுத்துப்போக நினைக்கிறேன். என்னிடம் இருப்பது கருநீல மெருகு போட்ட பழைய .357 மேக்னம் ரிவால்வர். நண்பர்கள் 10 மி.மீ. பிஸ்டல் வாங்கச் சொல்கிறார்கள். எது சரி? ஓயாத மழையிலும் கடல்நீரிலும் அதைத் துருப்பிடிக்காமல் எப்படி வைத்திருப்பது?”

எந்தத் துப்பாக்கி என்பதற்கு முன்னால் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எச்1பி, மாணவர் விசா போன்ற குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று கடிதத்தில் குறிப்பிடவில்லை. சந்தேகம் இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், பிறகு கடைக்குப் போகலாம்.

அடுத்தது, கரடி ஸ்ப்ரே. இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ ஆகிய ஆய்வாளர்களும் அவர்களுடைய குழுவினரும் அலாஸ்காச் சம்பவங்களைத் தொகுத்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், பழுப்புக் கரடிகளின் தொல்லையை ஸ்ப்ரே 92 சதவீதம் தடவை நிறுத்தியிருந்தது. துப்பாக்கிகளைப் பற்றி 2012-ல் வந்த ஆய்வில் கைத்துப்பாக்கிக்குக் கிடைத்த எண் 84 சதவீதம். இரண்டும் வெவ்வேறு சம்பவத் தொகுப்புகள் என்பதால் எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியல்ல. ஆனால் பாய்ந்து வரும் கரடி விநாடிக்கு 15 மீட்டர் கடக்கும். கை நடுங்கும் அந்த நேரத்தில் மேகமாகப் பரவும் மிளகாய்த் தெளிப்புக்குக் கூர்மையான குறி தேவையில்லை, தோட்டாவுக்குத் தேவை. ஆகவே ஸ்ப்ரே முதல் ஆயுதம், துப்பாக்கி இரண்டாவது. ஸ்ப்ரேயை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. போய் இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும்.

இனி துப்பாக்கி. உங்கள் .357 ரிவால்வரை நீங்கள் நன்றாகச் சுடுவீர்கள் என்றால், முன்பின் சுட்டுப் பழகாத புதிய 10 மி.மீ. பிஸ்டலைவிட அதுவே மேல். இன்னும் பெரிய தோட்டாவான .44 மேக்னத்தின் உதைப்பு தாங்காமல் முதல் குண்டுக்குப் பிறகு குறி சிதறிப்போகிறவர்கள் நிறைய. இரண்டாவது, மூன்றாவது குண்டையும் விரைவாக இலக்கில் சேர்க்க முடிகிற அளவே உங்களுக்கான அளவு. தோட்டாவைப் பொறுத்தவரை, உடலுக்குள் மலர்ந்து விரியும் வகை இங்கே வேண்டாம். தடித்த தசையையும் எலும்பையும் கடந்து ஆழம் போக வேண்டும் என்பதால் தட்டை மூக்குடைய, கெட்டியாக வார்த்த ஈயக் குண்டுகளையே தேர்ந்தெடுக்கிறார்கள். பிஸ்டல் வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சில பிஸ்டல்களின் குழல் உட்புறம் பலகோண வடிவில் இருக்கும். அவற்றில் மேலுறை இல்லாத ஈயக் குண்டு படிந்து அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால் தயாரிப்பாளரே வேண்டாம் என்பார். கையேட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ரிவால்வரா பிஸ்டலா என்ற வாதத்தில் இரு பக்கத்துக்கும் குறை உண்டு. கரடி மேலே விழுந்து, குழல் முனை அதன் உடலில் அழுந்தினால் பிஸ்டலின் ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதி) பின்னுக்குத் தள்ளப்பட்டு அது சுடாமலே போகலாம். ரிவால்வர் அப்போதும் சுடும். ஆனால் ரிவால்வருக்கு மணல் ஆகாது. சுட்ட தோட்டாக்களின் காலி உறைகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் கொஞ்சம் மணல் சேர்ந்தாலே, தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டர் சுற்றாமல் போகலாம். எடை குறைந்த மேக்னம் ரிவால்வர்களில் உதைப்பின் வேகத்தில் பக்கத்து அறைத் தோட்டாவின் குண்டு முன்னுக்கு நழுவிச் சிலிண்டரைப் பூட்டிவிடுவதும் உண்டு. ஆண்டுக்குச் சில முறை மட்டும் சுடுகிறவருக்கு நான் சொல்வது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த, கனமான ரிவால்வர்.

ஸ்டெயின்லெஸ் என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். அந்த எஃகில் உள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. கடல் உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துச் சிறு குழிகளை ஏற்படுத்தும். அதைவிட முக்கியம், ஸ்டெயின்லெஸ் துப்பாக்கி என்று விற்கப்படுவதில் எல்லாப் பாகமும் ஸ்டெயின்லெஸ் அல்ல. ஸ்பிரிங்குகள், ஊசிகள், பல மாடல்களில் சுத்தியலும் விசையும்கூடச் சாதாரண எஃகுதான். துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வெளியே பளபளப்பாக இருக்கும் துப்பாக்கியின் கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே முதன்மை ஸ்பிரிங் செம்பழுப்பாகக் கிடக்கும். நைட்ரைடு முறையில் கடினமாக்கிய நவீன பிஸ்டல் ஸ்லைடுகள் துருவை நன்றாகவே தாங்கும், அவற்றிலும் உள்ளே இருக்கும் சிறு பாகங்களின் கதை இதுதான். உங்கள் ரிவால்வரின் கருநீல மெருகோ மிக மெல்லிய ஆக்சைடு படலம். எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ள உதவும், தனியாகப் பாதுகாக்காது.

எனவே புறப்படுவதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். தோட்டாக்களை எடுத்துவிட்டு, கைப்பிடித் தகடுகளைக் கழற்றி, உள் உலோகத்தை முழுக்க உலர்த்தி, கார்னாபா என்ற தாவர மெழுகு கலந்த கெட்டி மெழுகை மெல்லிய பூச்சாகத் தடவித் துடைத்து மாட்டுங்கள். எண்ணெய், துப்பாக்கி உறையில் உரசிப் போய்விடும், மழையில் கழுவப்பட்டுவிடும். மெழுகு நிற்கும். வெளிப்புறத்துக்கும் அதுவே. உள்ளே நகரும் பாகங்களுக்கு மட்டும் துப்பாக்கி எண்ணெய், அதுவும் துளியளவு. நீரை விரட்டும் மெல்லிய தெளிப்பு எண்ணெய்களை அவசரத்துக்குப் பயன்படுத்தலாம், ஆனால் அவை நீண்ட காப்பு அல்ல. தோட்டாவின் பின்புற மருந்துக் குமிழுக்குள் ஊடுருவிச் செயலிழக்கச் செய்யவும் கூடும். சிலிண்டர் அறைகளிலும் மேகசின் உள்ளேயும் எண்ணெய் கூடாது.

தோல் உறையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பதனிடும்போது சேர்ந்த உப்போடு எஃகின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அடிப்புறம் திறந்த, நீர் வடியும் கைடெக்ஸ் (ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) உறையே ஏற்றது. முதுகுப்பையின் இடுப்புப் பட்டை மறைக்காதபடி அதை மார்பில் அணியுங்கள். கயாக்கில் இருக்கும்போது மிதவை உடுப்பு அதை மறைக்கும், தவிர நீரின் நடுவில் கரடியால் வரும் ஆபத்தும் குறைவு. அப்போது துடைத்து உலர்த்திய துப்பாக்கியை நீர்புகாப் பையில் வைத்துக் கைக்கு எட்டும் இடத்தில் கட்டிவிட்டு, கரையை நெருங்கும்போது எடுத்து மாட்டுங்கள். ஈரத்தோடு பைக்குள் போட்டுப் பல மணி நேரம் மூடி வைப்பதுதான் மிகக் கெட்டது. மழையில் நனைவதுகூட அவ்வளவு கெடுதல் செய்யாது.

முகாமில் தினமும் மாலையில் ஐந்து நிமிடம் போதும். பாதுகாப்பான திசையில் பிடித்துத் தோட்டாக்களை எடுங்கள். உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். நட்சத்திரத் தகட்டின் அடியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டுங்கள். பின்புறத்திலிருந்து வெளிச்சம் பாய்ச்சிக் குழலுக்குள் பாருங்கள். சேறோ பாசியோ அடைத்திருக்கும் குழலில் சுட்டால் குழல் வெடிக்கும். உறையின் உட்புறத்தையும் துடைத்துவிட்டு மீண்டும் நிரப்புங்கள். குளிர்ந்த துப்பாக்கியைச் சூடான இடத்துக்குள் கொண்டுவந்தால் அதன் மேல் பனி போல ஈரம் படியும் என்பதையும் நினைவில் வையுங்கள். உள்ளே கொண்டுவந்தால் சற்றுப் பொறுத்து இன்னொரு முறை துடைக்க வேண்டியிருக்கும்.

கடல்நீரில் விழுந்துவிட்டால் பலர் எண்ணெயைத் தேடி ஓடுகிறார்கள். அது தவறு. எண்ணெய் உப்பை உள்ளேயே அடைத்துவிடும். தோட்டாக்களை அகற்றி, அருகிலுள்ள ஓடையில் தாராளமாக அலசுங்கள். உதறி, ஊதி, துடைத்து, அதன் பிறகு எண்ணெய் இடுங்கள். நனைந்த தோட்டாக்களை ஒதுக்கிவிட்டு உலர்ந்த புதியவற்றை நிரப்புங்கள். அதற்காகவே ஒரு சிறு பெட்டியைத் தனியாக உலர்வாக வைத்திருங்கள்.

ஒருவேளை கரடியைச் சுட நேர்ந்தால் அலாஸ்காச் சட்டப்படி உங்களுக்குக் கடமைகள் உண்டு. பழுப்புக் கரடி என்றால் நகங்களோடு தோலையும் மண்டையோட்டையும் மாநில அரசிடம் ஒப்படைத்து, 15 நாட்களுக்குள் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். உணவையோ குப்பையையோ திறந்து போட்டு நீங்களே கரடியை வரவழைத்திருந்தால் தற்காப்பு என்ற வாதம் நிற்காது. உணவைக் கரடி திறக்க முடியாத டப்பாவில் வைத்துக் கூடாரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

வீடு திரும்பியதும் துப்பாக்கியைப் பயணப் பெட்டியின் நுரைக்குள் விட்டுவிடாதீர்கள், நுரை ஈரத்தைப் பிடித்து வைக்கும். அன்றே கைப்பிடியைக் கழற்றி ஸ்பிரிங்கைப் பாருங்கள். பக்கத் தகடுக்கு உள்ளே திறக்க உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அந்த வாரமே சுத்தம் செய்துவிடுங்கள். பயணத்தில் சுமந்த தோட்டாக்களைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிட்டு, அடுத்த பயணத்துக்குப் புதிதாக வாங்குங்கள்.